தறிக்குச் சொல்லாத சேதி

ஒரு மனுஷி ஒரு தடவைதான் பிறக்க முடியும். மஹாலட்சுமி இரண்டு தடவை பிறந்திருந்தாள். முதலில் காஞ்சிபுரத்தில். பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மாகறலில். இரண்டுக்கும் முத்திரை குத்திய காகிதம் இருந்தது. பாஸ்போர்ட் ஆபீஸில் அந்தப் பெண் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல நீங்க எதும்மா?" என்று கேட்டாரே, அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து பட்டுக் கூட்டுறவுச் சங்க வேலை வரைக்கும் எல்லாக் காகிதத்திலும் அவள் மாகறலில் பிறந்தவள்தான். மாகறல் பிறப்புச் சான்று பழசு, கம்ப்யூட்டரில் ஏறவில்லை. காஞ்சிபுரத்திலாவது நகல் கிடைக்குமா என்று தம்பி லோகேஷ் மாநகராட்சிப் பதிவில் தேடப் போனான். போனவன் சும்மா வரவில்லை. அப்பா மயில்வாகனம், அம்மா தையல்நாயகி, பெண் குழந்தை, பிறந்த இடம் காஞ்சிபுரம் நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரி என்று இன்னொரு மஹாலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வந்து ஃபைலிலும் சேர்த்துவிட்டான்.

"எது நிஜம்னு நேரடியாத் தெரிஞ்சவங்க ஒருத்தர் நோட்டரி முன்னாடி எழுதிக் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமை காலையில கொண்டாங்க. அதுக்கு மேல ஃபைல் என் கையில இல்ல" என்று அதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்.

இன்று வியாழன்.

மஸ்கட்டில் மகள் அபிநயாவுக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. விமானம் ஏறக் கூடாது, படுக்கையை விட்டு எழவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர முடியாத பெண்ணிடம் தாய்தானே போக வேண்டும். டிக்கெட், விசா எல்லாம் மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. அதுவும் அவள் எங்கே பிறந்தாள் என்பதில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது.

காலையில் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தறிச் சத்தம் கேட்டது. பங்குனி மாதம் அல்லவா. அம்பாள் கல்யாணத்துச் சேலை தறியில் இருந்தது. வருஷா வருஷம் அதை நெய்து கொடுப்பது மயில்வாகனத்தின் வீட்டு உரிமை. இப்போது அவருக்கு முட்டி மடங்குவதில்லை. லோகேஷ் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தான். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலை என்பதால், கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அவன் மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"லோகேஷு, ராத்திரியிலேர்ந்து உன் போன் கிடைக்கல. நான் இங்க பைத்தியம் புடிச்சு கிடக்கறேன்" என்றாள் மஹாலட்சுமி.

அவன் தலையால் பீரோ மேலே காட்டினான். அங்கே ஒரு பிஸ்கட் டப்பா. "அணைச்சு அதுல போட்டுட்டேன்கா. சிவராஜ் அண்ணன் மருமகளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. பங்காளி வூட்டுல கொழந்த பொறந்தா நமக்குத் தீட்டு. தறியத் தொடக் கூடாது. சேதி காதுல விழுந்தாத்தானே தீட்டு? ஞாயித்துக்கிழமை தறியிலேர்ந்து சேலைய அறுத்து எறக்கிட்டு போனப் போடுவேன். பொறந்த கொழந்த அது வரைக்கும் எங்க போயிடும்?"

"குரூப்புல போட்டுட்டா?"

"அதுக்குத்தான் டப்பா."

தீட்டுக்கும் வாட்ஸ்அப்புக்கும் நடுவில் அவன் கட்டியிருந்த இந்தச் சுவரை நினைத்து, வேறு நாளாக இருந்தால் மஹாலட்சுமி சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை.

"அப்பா, நான் பொறந்த வருஷமும் அம்பாள் சேலை நம்ம தறியிலதான் இருந்துச்சா?"

மயில்வாகனம் தட்டிலிருந்த இட்லியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். எழுபத்தெட்டு வயதிலும் இந்தப் பேச்சு வந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

"பின்ன? என் பொறுப்புல நெய்த மொதல் சேலைமா அது. முந்தின வருஷம் ஒரு சாவுத் தீட்டுல வேற வூட்டுக்குப் போயிடுச்சு. அந்த வருஷமும் போயிருந்தா, அப்புறம் நமக்கு வரவே வந்திருக்காது. உங்கம்மாதான் கரைக்கு உக்காந்தா. நடுவுல அசதியா இருக்குதுன்னு தாய் வூட்டுக்கு, மாகறலுக்குக் கெளம்பிட்டா. எங்க அக்காவ உக்கார வெச்சு ஓட்டினேன். சேலை எறங்குன மறுநாள் காலையில உங்க மாமன் குமரகுரு சைக்கிள்ல வந்து, பொண்ணு பொறந்திருக்குதுன்னான். சேலை எறங்கற வரைக்கும் வயித்துலயே இருந்துக்கினு, அப்புறம்தான் வெளியில வந்த நீ. காத்திருந்து பொறந்து சேலைய நமக்கே நிலைக்க வெச்சவன்னுதானே மஹாலட்சுமின்னு பேரு வெச்சேன்!"

இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். கல்யாணத்தில், வளைகாப்பில், பேரப்பிள்ளைகளிடம் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ஆனால் இன்று அவள் கண் பீரோ மேலிருந்த பிஸ்கட் டப்பாவிலேயே நின்றது. இந்தச் சேதியும் அன்று யாரோ அடைத்து வைத்ததுதானோ?

"ஆஸ்பத்திரிக்காரன் யார் பேரையோ மாத்தி எழுதிட்டான்மா. நோட்டரியக் கூப்புடு. மாகறல்தான்னு நான் எழுதித் தரேன்" என்றார் அப்பா.

அப்படி எழுதினால் பொய்ச் சத்தியம் ஆகிவிடுமோ என்ற பயம் அவளுக்கு அந்த நிமிஷமே வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் பூக்காரி பொன்னி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுபதைத் தாண்டிய கிழவி. மற்றவர்களுக்கு முழத்தை ஒட்ட ஒட்ட அளப்பவள், மஹாலட்சுமிக்கு மட்டும் எப்போதும் ஒரு சாண் கூட விடுவாள். அவள் தலையில் தானே வைத்தும் விடுவாள்.

"மொகம் ஏன்மா வாடிக்கெடக்குது?"

"ஒண்ணும் இல்ல பொன்னிம்மா. வேலையா மாகறல் போறேன்."

"நல்லபடியா போய்ட்டு வா. நானும் சாயங்காலம் பஸ்ஸுக்குத் திருத்தணி போறேன், பேரன் வூட்டுக்கு. ஒரு மாசம் ஆவும் வரதுக்கு" என்றாள் பொன்னி.

மஹாலட்சுமி அதைக் காதில் வாங்கினாளே தவிர மனதில் வாங்கவில்லை. மாகறல் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

குமரகுரு மாமாவுக்கு மாகறலில் மாவு மில். அறுபத்தைந்து வயதில் புருவம், மீசை, காது மடல் என்று எங்கும் மாவு. அக்கா மகளைக் கண்டதும் மெஷினை நிறுத்திவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார். அவள் இரண்டு காகிதத்தையும் எடுத்து நீட்டியதும் அந்தச் சிரிப்பு மறைந்தது.

"இத எங்கமா புடிச்ச?"

"மாமா, நான் எங்க பொறந்தேன்?"

"மாகறல்ல. உங்கப்பா சொல்லலியா?"

"அவரு சொன்னாரு. நீ சொல்லு."

மாமா மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எவ்வளவு துடைத்தாலும் போகாத மாவை இன்னும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா கண்ணு. இது மச்சான் காதுல விழவே கூடாதுன்னு."

"அம்மா போய் மூணு வருஷம் ஆச்சு. அங்க என் பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குது மாமா. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை நிறுத்த அவள் முயலவும் இல்லை.

அதைப் பார்த்துத்தான் அவர் வாயைத் திறந்தார்.

"கரைக்கு உக்காந்துக்கினு இருக்கும்போதே வலி வந்திருச்சு. மாசம் முடியல. கத்துனா அவ்ளோதான். மச்சானுக்குத் தெரிஞ்சுடும், தறி நின்னுடும், சேலை வேற வூட்டுக்குப் போயிடும். உங்கம்மா பல்லக் கடிச்சுக்கினு எழுந்து, மாகறலுக்குப் போறேன்னு சொல்லிட்டு, நேரா பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அங்கதான் நீ பொறந்த. பெத்த எடத்துல ஒழுங்கா எழுதிட்டாங்க."

"அப்புறம் இங்க வந்துட்டாங்களா?"

"இங்க வந்தா அன்னிக்கே சேதி காஞ்சிபுரம் போயிருக்குமே! சேலை எறங்குன அன்னிக்கு ராத்திரிதான் உன்னத் தூக்கிக்கினு வந்தா. எங்கம்மாவும் நானும்தான் கதவத் தொறந்தோம். விடிஞ்சதும் பொண்ணு பொறந்திருக்குதுன்னு ஊருக்குச் சொன்னோம். கிராமத்துப் பதிவுல அந்தத் தேதிய எழுதிட்டாங்க. நான் சைக்கிள எடுத்துக்கினு மச்சானாண்ட சேதி சொல்லப் போனேன்."

"அதுக்கு நடுவுல பத்து நாளுக்கு மேல இருக்குதே மாமா. ஆஸ்பத்திரியிலயா இருந்தாங்க?"

"அப்பல்லாம் ரெண்டு நாளைக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க. நானும் கேட்டேன். இருந்தேன்டா ஒரு எடத்துலன்னா. சாவற வரைக்கும் அதச் சொல்லல."

அவருக்கு நேரில் தெரிந்தது கதவைத் திறந்தது மட்டும்தான். குழந்தை பிறந்ததை அவரும் பார்க்கவில்லை. கிளம்பும்போது மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான் தாங்குவாரா மா? அந்தச் சேலையத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அபிநயா கூப்பிட்டாள். குரல் தண்ணீரில் நனைந்த மாதிரி இருந்தது.

"அம்மா, இன்னிக்கு பிபி இன்னும் ஜாஸ்தி. அடுத்த வாரமே எடுத்துடலாம்னு டாக்டர் சொல்றாங்க. நீ வந்துடுவ இல்ல?"

"வந்துடுவேன் கண்ணு. இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி."

போனை வைத்ததும் அவளுக்கு அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அடுத்த நிமிஷமே அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பியது. வலியோடு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், தனியாக அந்தத் தெருவில் நடந்து போனவளை நினைத்தால் எப்படிக் கோபப்படுவது? தனக்குப் பிரசவ வலி வந்தபோது அந்த அம்மாதான் ராத்திரி முழுக்க முதுகைத் தேய்த்துவிட்டாள். அம்மாவின் முதுகை அன்று யார் தேய்த்தார்கள்?

வீட்டுக்கு வந்தபோது அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். லோகேஷ் சாப்பிட எழுந்திருந்தான். அவனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். அவன் அப்படியே துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, உன் கால்ல விழறேன். இப்போ சொல்லாத. ஞாயித்துக்கிழமை சேலை எறங்கட்டும். தீட்டோட அம்பாளுக்கு நெய்துட்டேனேன்னு அப்பா இடிஞ்சு போயிடுவாரு. தறிய நிறுத்துடான்னு சொல்லிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

"நாளைக்கு காலையில நான் பேப்பர் குடுக்கணும்டா."

"மாகறல்னே அவரு எழுதித் தரட்டுமே? அவருக்குத் தெரிஞ்சத அவரு சொல்றாரு. அது பொய்யா?"

"எனக்குத் தெரியுமே."

சேலை இறங்கும்வரை சேதியை வாயில் அடக்கி வை என்று இந்த வீடு இன்னொரு பெண்ணிடம் கேட்கிறது. அம்மா அடக்கினாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மகளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அம்மாவின் கையில் அன்று குழந்தை இருந்தது. தன் குழந்தையோ கடலுக்கு அப்பால் படுத்திருக்கிறது.

அப்பா எழுந்து காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்து, மாமா சொன்னதை அப்படியே சொன்னாள். மாமாவின் பெயரையும் மறைக்கவில்லை. உள்ளே தறி நின்றது.

மயில்வாகனம் டம்ளரைக் கீழே வைத்தார். திட்டுவார், அழுவார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று என்னென்னவோ நினைத்து அவள் பயந்திருந்தாள். அவர் எதுவும் செய்யவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். பின்பக்கம் போனார். தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை மொண்டு, வேட்டி சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். இன்னொரு குடம். இன்னொன்று.

"அப்பா! சளி புடிச்சுக்கும்பா!"

"சேதி கேட்டா தலைக்கு ஊத்திக்கணும் இல்ல? எனக்கு இப்போதானே சேதி வந்திருக்குது?" என்றார். "எவ்ளோ காலம் கழிச்சுக் கேட்டாலும் ஒரு முழுக்குப் போதும்னு பெரியவங்க சொல்லுவாங்க. லோகேஷு! ஏன்டா நிறுத்துன? ஓட்டு."

"அப்பா, அந்த வருஷத்துச் சேலை..."

"கட்டிக்கின அம்பாளுக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் கட்டிக்கினா" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சில் அவர் போகவில்லை. ஆனால் துண்டால் முகத்தை மூடித் துவட்டியபோது தோள் இரண்டும் குலுங்கின. "பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தறியக் கொளுத்திட்டு ஓடி வந்திருப்பேனே. அதுக்குத்தான் சொல்லல அவ" என்று துண்டுக்குள்ளேயே சொன்னார்.

ஈரத்தோடு அடுக்களைக்குப் போனார். சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வந்தார். நாற்பத்தெட்டு வயது மகளின் வாயில் போட்டார்.

"எனக்குப் பொண்ணு பொறந்திருக்குது" என்றார்.

மஹாலட்சுமி குலுங்கி அழுதாள். வரும் வழியில் நோட்டரியின் குமாஸ்தா பெயருக்கு இடம் விட்டு எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை அந்த அழுகையோடே எடுத்துப் பேனாவையும் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பேனாவை மூடி வைத்தார்.

"நேரடியாகத் தெரியும்னு போட்டிருக்குது. எனக்கு இன்னாமா தெரியும்? காலையில மாகறல்னு சத்தியம் பண்ண இருந்தேன். இப்போ காஞ்சிபுரம்னு பண்றதா? அடுத்தவங்க சொன்ன சேதிய நம்பி ஊரெல்லாம் பொய் சொன்னது போதும். உன்னப் பாத்தவங்க யாரோ இருக்காங்க. அவங்களக் கூட்டினு வா."

"யாருன்னே தெரியலியேப்பா! மாமாவுக்கே தெரியாது. ஆறு மணிக்கு நோட்டரி கதவ மூடிடுவாரு." அப்பாவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியும்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தறி மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது.

"அந்த வருஷம் தினம் சாயங்காலம் ஒரு பூக்காரப் பொண்ணு வந்து வாசல்ல நிக்கும்" என்றார் மெதுவாக. "அண்ணா, சேலை எம்மாந்தூரம் வந்திருக்குதுன்னு கேக்கும். சொன்னா தலைய ஆட்டிட்டுப் போயிடும். பூவ வெச்சுட்டுப் போவும், காசு வாங்காது. அம்பாள் மேல அவ்ளோ பக்தின்னு நெனச்சேன். சேலை எறங்கிடுச்சுமான்னு நான் சொன்ன அன்னிக்கு, அது கண்ணுல பொலபொலன்னு தண்ணி. நிக்காம ஓடுச்சு."

"யாருப்பா அது?"

"உனக்குத் தெரிஞ்சதுதான். இன்னும் பஸ் ஸ்டாண்டுல பூ வித்துக்கினு இருக்குதே. பொன்னி."

மஹாலட்சுமியின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. காலையில் வைத்த பூ வாடிவிட்டது. கூட விட்ட அந்த ஒரு சாண் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அன்று துணை யார், அந்தப் பத்து நாளும் யார் வீட்டில் இருந்தாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாசம் ஆவும் வரதுக்கு என்று பொன்னி சொன்னது இப்போதுதான் மனதில் இறங்கியது. சாயங்கால பஸ். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

காகிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு அவள் செருப்புகூடப் போடாமல் வாசலில் இறங்கினாள்.

"மகா! நில்லு!"

திரும்பினாள். ஈர வேட்டியோடு அப்பா படி இறங்கி வந்து சர்க்கரை டப்பாவை அவள் கையில் வைத்து அழுத்தினார்.

"பேப்பர நீட்டறதுக்கு முன்னாடி இதக் குடு மா. நீ பொறந்தப்போ ஊரெல்லாம் குடுத்தேன், அதுக்கு மட்டும் குடுக்கல."